அட்லாண்டிக்கைப் பாய்மரத்தில் கடக்க: எதை எடுப்பது, எதை விடுவது, யாரை ஏற்றுவது

அண்ணையின் படகு 12 மீட்டர் நீளம், வயது 20ஐத் தாண்டிவிட்டது. அதில் ஒருமுறை அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறோம். அடுத்த நவம்பரில் மறுபடியும் போவது என்று முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் இழுபறி. அதற்காக நான் ஓர் எக்செல் தாள் போட்டேன். விலை எவ்வளவு, எடை எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு இழுக்கும், நடுக்கடலில் கெட்டால் நாமே சரிசெய்ய முடியுமா என்று வரிசையாகக் கட்டங்கள். அண்ணை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"தம்பி, எல்லாம் வடிவாப் போட்டிருக்கிறீர். ஆருக்கு எத்தினை மணித்தியாலம் நித்திரை கிடைக்கும் எண்டதையும் ஒருக்கா போடும்."

அவர் வல்வெட்டித்துறைக்காரர், இளவயதில் இங்கிலாந்து வந்தவர். நான் நாகப்பட்டினம். கடலைப் பார்த்து வளர்ந்தேனே தவிர, பாய் கட்டக் கற்றுக்கொண்டது சவுத்தாம்ப்டனில்தான், அதுவும் முப்பத்தைந்து வயதுக்கு மேல். அவர் சொன்னதற்காக 'நித்திரை' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். சேர்த்த பிறகு பாதி முடிவுகள் மாறிப்போயின.

கேனரித் தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். எங்கள் அளவுப் படகுக்கு 18 முதல் 21 நாள் ஆகும். வழியில் நங்கூரம் போட்டுப் படுக்க முடியாது, கீழே ஆழம் கிலோமீட்டர் கணக்கு. இருபது நாளும் இரவு பகலாக யாராவது ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். புயலில் சிக்கிப் படகு போவதெல்லாம் அபூர்வம். ஐந்தாம் நாள் தூக்கக் கலக்கத்தில் தவறான கயிற்றை அவிழ்ப்பது அபூர்வமில்லை.

ரேலியுடனா, தனியாகவா?

ரேலி என்றதும் பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே நாளில் எல்லாரும் சேர்ந்து கிளம்பி, அவரவர் வேகத்தில் போய், ஒரே துறைமுகத்தில் சேர்வதுதான் இது. அட்லாண்டிக்கில் பெயர்பெற்றது ஏ.ஆர்.சி., விரித்துச் சொன்னால் அட்லாண்டிக் ரேலி ஃபார் குரூஸர்ஸ். 1986இல் ஜிம்மி கார்னெல் தொடங்கினார். முதல் தடவையே 200க்கும் மேற்பட்ட படகுகள் வந்தன. அப்போது பார்படோஸில் முடிந்தது, 1990 முதல் செயின்ட் லூசியாவின் ராட்னி பே. இன்றைக்கு வேர்ல்ட் குரூஸிங் கிளப் நடத்துகிறது. கட்டணம் படகின் நீளத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது, சின்னத் தொகை இல்லை.

அந்தக் காசுக்கு நடுக்கடலில் துணை கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கிளம்பும் நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பாய்கள் சுற்றிலும் தெரியும், திருவிழாக் கூட்டம் மாதிரி. மூன்றாம் நாள் காலையில் கடல் காலி. இரவில் எப்போதாவது ஒரு விளக்கு, திரையில் பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவியின் ஒரு புள்ளி, அவ்வளவுதான். தினமும் வானிலை அறிக்கை வரும், ஒவ்வொரு படகிலும் இருப்பிடம் காட்டும் டிராக்கர் இருப்பதால் வீட்டில் இருப்பவர்கள் வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். (என் அம்மா நாகையிலிருந்து பார்த்தார். ஒருநாள் நாங்கள் நேர்கோட்டை விட்டுத் தெற்கே இறங்கியதும் "வழி தப்பிட்டீங்களா?" என்று செய்தி வந்தது.)

உண்மையில் காசு பெறுவது கிளம்புவதற்கு முந்தைய நாட்கள். லாஸ் பால்மாஸில் பரிசோதகர் படகுக்கு வந்து ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டச் சொல்வார்: உயிர்காப்பு மிதவை, அவசர சிக்னல் அனுப்பும் எபிர்ப், ஒளிப்பந்தங்கள், அவசரப் பை, சுக்கான் உடைந்தால் மாட்ட அவசரக் கைப்பிடி, கையால் இயக்கும் பம்பு. நாங்கள் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் திறந்து, உள்ளே இருந்த வாயுக் குப்பியை இரண்டு விரலால் திருகினார். அது அரைச் சுற்று சுற்றியது. தளர்ந்த குப்பியோடு தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் ஊதாமல் போகலாம். அது என் ஜாக்கெட். இங்கிலாந்திலிருந்து லாஸ் பால்மாஸ் வரை அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

தனியாகப் போவதன் பெரிய வசதி தேதி. ரேலி நவம்பர் கடைசியில் கிளம்புவது கிறிஸ்துமஸுக்குக் கரை சேர்வதற்காக. ஆனால் சூறாவளிப் பருவம் கணக்குப்படி முடிவதே நவம்பர் 30. வடகிழக்கு வியாபாரக் காற்று சில வருடம் அந்த நேரத்தில் இன்னும் நிலைத்திருக்காது. வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவிலிருந்து வீச வேண்டிய காற்று தெற்கே இறங்க இறங்கத்தான் கிடைக்கும். வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு என்பது அந்தக் கடலின் பழைய சொல்வழக்கு. ஜனவரியில் காற்று பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். தனியாகப் போகிறவர் வேண்டுமானால் இரண்டு வாரம் உட்கார்ந்து நல்ல காற்று பார்த்துக் கிளம்பலாம். அதே கிளப் இப்போது ஜனவரியிலும் ஒரு ரேலி நடத்துகிறது. விடுமுறை வளைந்து கொடுப்பவர்களுக்கு அதுவே மேல் என்பது என் எண்ணம்.

ரேலி இல்லாமல் கடக்க முடியாதா என்று கேட்டால் அண்ணை சிரிப்பார். அவர் ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார்; வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்கள் கடலில் பிழைப்பு நடத்தியவர்கள், நாங்கள் வார இறுதிக்காரர்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு என் வாக்கு ரேலிக்குத்தான். காரணம் பாதுகாப்பு என்பதைவிடக் கெடு. "நவம்பரில் கிளம்பியாக வேண்டும்" என்று ஒருவர் சொல்லாவிட்டால், படகைத் தயார் செய்யும் வேலை பத்து வருடம் நடக்கும். அப்படி நடந்துகொண்டிருக்கும் படகுகள் எங்கள் மெரினாவிலேயே நாலைந்து உண்டு.

நேர்வழியா, மிண்டெலோ வழியா?

ஏ.ஆர்.சி. பிளஸ் என்ற இன்னொரு ரேலி 2013 முதல் நடக்கிறது. லாஸ் பால்மாஸிலிருந்து முதலில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் தீவு நாடான கேப் வெர்டேயின் மிண்டெலோ, சுமார் 850 கடல் மைல், ஆறு நாள் மாதிரி. அங்கே சில நாள் நின்று, பிறகு 2,100க்கு மேற்பட்ட மைல் ஓடி இப்போது கிரெனடாவில் முடிகிறது. மொத்த மைல் அதிகம், மொத்த நாளும் அதிகம். அதனால் முதல் கணக்கில் நான் இதை அடித்துவிட்டிருந்தேன்.

தூக்கக் கட்டம் வந்ததும் அடித்ததை அழித்தேன். எந்தப் படகிலும் முதல் மூன்று நாள்தான் மோசம். பாதிப் பேருக்குக் கடல் நோய், மீதிப் பேருக்குப் பாதிப் பேரின் வாட்சும் (விழித்திருந்து படகைக் கவனிக்கும் முறை) சேர்ந்து விழும். லாஸ் பால்மாஸில் அதற்கு மேல் இன்னொன்று உண்டு. தீவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கும்போது, மலை பிதுக்கிவிடும் காற்று திடீரென்று 10, 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கூடும். 'வேகக் காற்று மண்டலம்' என்று வரைபடத்திலேயே குறித்திருப்பார்கள். சென்ற முறை அது எங்களை முதல் ராத்திரியே பிடித்தது. வயிற்றில் ஒன்றும் நிற்காத நிலையில் தலையில் மாட்டிய விளக்கின் வெளிச்சத்தில் பெரிய பாயைச் சுருக்கினோம். அன்றைக்குப் போன தூக்கம் நாலாம் நாள் வரை திரும்பவில்லை.

மிண்டெலோ வழியில் இந்த மோசமான முதல் கட்டம் ஆறு நாளில் முடிந்து, கரையில் இரண்டு ராத்திரி முழுசாகத் தூங்கி, உடைந்ததைச் சரிசெய்து, பெரிய தூரத்தைப் புதிதாகத் தொடங்கலாம். தெற்கே இறங்கிவிட்டதால் அங்கிருந்து காற்றும் நம்பகமாக இருக்கும். ஒத்துவராத ஆளை இறக்கிவிடவும் கடைசி வாய்ப்பு அதுதான். எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். கடல் நோய் விட்ட உடம்பு கரையில் சில நாள் இருந்தால் சிலருக்கு மறுபடியும் முதலிலிருந்து வரும். மிண்டெலோவில் உதிரிப் பாகம் லாஸ் பால்மாஸ் அளவுக்குக் கிடைக்காது. 20 நாள் ஒரே மூச்சில் கடந்தோம் என்ற அந்த உணர்வும் போய்விடும். அண்ணைக்கு அந்த உணர்வு வேண்டும். எனக்கு வேண்டாம்.

எத்தனை பேர், யார்?

இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் கடைசியில்தான் வந்து சேர்ந்தோம், எல்லாரும் அப்படித்தான். சாமான் வாங்குவது சுலபம், ஆளிடம் 'வேண்டாம்' என்று சொல்வதுதான் கஷ்டம்.

இரண்டு பேர் என்றால் சாப்பாடும் தண்ணீரும் குறைவு, இடம் தாராளம், சண்டை என்றால் ஒரே ஒரு சண்டை. மூன்று மணி நேரம் விழிப்பு, மூன்று மணி நேரம் ஓய்வு. காகிதத்தில் நாளுக்குப் பன்னிரண்டு மணி ஓய்வு. அதில் சமையல், பாத்திரம், வானிலை பார்ப்பது போக, பாய் மாற்ற ஒவ்வொரு முறையும் தூங்குபவரை எழுப்ப வேண்டும். கடைசியில் துண்டு துண்டாக ஐந்தாறு மணி மிஞ்சினால் அதிகம். முடியாது என்று சொல்லவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளத்தின் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் பாய்ப்படகான ஐ.என்.எஸ்.வி. தாரிணியில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். இரண்டே பேர், 17 மீட்டர் படகு. ஆனால் அதற்காகக் கடற்படை அவர்களைப் பல ஆண்டு பழக்கியது. நாம் போவது வருடாந்திர விடுப்பில்.

ஆறு பேர் என்றால் வாட்ச் பஞ்சு மாதிரி. ஆனால் 12 மீட்டர் படகில் ஆறு பேருக்கு ஆடாத படுக்கை கிடையாது. முன்னறைப் படுக்கை கடலில் யாரையும் தூங்கவிடாது, அலை ஏறி இறங்கும்போது உடம்பு மெத்தையை விட்டு எழும்பி விழும். ஆக நாலு படுக்கைக்கு ஆறு பேர்.

சென்ற முறை நாங்கள் ஐந்து பேர். அண்ணை, நான், நிறையக் கடல் பார்த்த ஓர் ஐரிஷ் தம்பதி, அப்புறம் ஐந்தாவதாக ஒரு நண்பர். நல்ல உடற்கட்டு, சான்றிதழ்கள் எல்லாம் வைத்திருந்தார், கலகலப்பான மனிதர். நாலாவது ராத்திரி, 2 மணி முதல் 5 மணி வரை அவருடைய வாட்ச். ஆட்டோபைலட்டைக் காற்றின் கோணத்தைப் பார்த்து ஓட்டும்படி வைத்திருந்தோம். காற்று மெல்லத் திசை மாறியது, படகும் கூடவே திரும்பிக்கொண்டே போனது. பாய் படபடக்கவில்லை, எந்த அலாரமும் அடிக்கவில்லை. ஐந்து மணிக்கு நான் மேலே வந்தபோது அவர் மூலையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கையில் தேநீர்க் கோப்பை, அதில் கால்வாசித் தேநீர், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. துருவ நட்சத்திரம் வலது தோள்பக்கம் இருக்க வேண்டியது, கிட்டத்தட்ட நேர் எதிரே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வடக்கே ஓடியிருந்தோம், பன்னிரண்டு மைல் வீண்.

பன்னிரண்டு மைல் ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாட்சில் இருக்கும்போது கீழே யாரும் முழுசாகத் தூங்கவில்லை. ஒரு காதைத் திறந்துவைத்தே படுத்தோம். ஐந்து பேர் இருந்தும் நான்கு பேரின் தூக்கம்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆள் கூடினால் ஓய்வு கூடும் என்ற என் கணக்கு அங்கே உடைந்தது.

ஆகவே நான்கு. ஆளுக்கு நாளுக்கு ஆறு மணி வாட்ச், ஒருவர் விழித்திருக்க இன்னொருவர் கூப்பிட்டால் வரத் தயாராக உடுப்போடு படுத்திருப்பார். இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் யாரும் தனியாக இருக்கக் கூடாது. தேர்வு செய்யும்போது சான்றிதழைக் கடைசியில் பாருங்கள். அந்த ஆள் இரவு இரண்டு மணிக்கு "எனக்குக் கண் சொருகுகிறது, நீ வா" என்று கூச்சப்படாமல் எழுப்புவாரா என்பதை முதலில் பாருங்கள். எங்கள் நண்பர் எங்களை எழுப்பத் தயங்கித்தான் தூங்கிப்போனார்.

ஆள் பிடித்துக் கொடுக்கும் இணையதளங்கள் இருக்கின்றன. செலவைப் பகிர்வது வேறு, பயணத்துக்குக் காசு வாங்குவது வேறு. இரண்டாவதில் படகு வணிகப் படகாகிவிடும், காப்பீடு கையை விரித்துவிடும். சம்பளத்துக்குத் தொழில்முறை ஸ்கிப்பரை (படகுத் தலைவரை) வைப்பது நல்ல வழிதான், ஆனால் படகின் சொந்தக்காரர் தன் படகிலேயே கட்டளை கேட்க மனம் வைக்க வேண்டும். அண்ணையிடம் இதைச் சொல்லிப் பார்க்கக்கூட எனக்குத் துணிவில்லை. இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேனரித் தீவுகள் ஸ்பெயின், அதனால் ஷெங்கன் விசா வேண்டும். படகில் ஏறி நாட்டை விட்டுப் போகும்போது எல்லைப் போலீசாரிடம் வெளியேறுவதைப் பதிவு செய்ய மறக்கக் கூடாது.

யார் சுக்கான் பிடிப்பது?

மனிதர்கள் பிடிப்பதில்லை. இருபது நாளும் ஆட்டோபைலட்தான். சென்ற முறை பதினோராம் நாள் அதன் மோட்டார் முனகத் தொடங்கி, மாலையில் நின்றுவிட்டது. உதிரியை மாற்றிப் பொருத்த முப்பது மணி நேரம் ஆனது. அந்த முப்பது மணி நேரமும் ஆளுக்கு ஒரு மணி நேரமாகக் கையால் ஓட்டினோம். பின்னாலிருந்து வரும் அலையில் சுக்கான் பிடிப்பது முதல் பத்து நிமிடம் குஷி, அப்புறம் தோள்பட்டை.

இந்த முறை இரண்டு யோசனை. ஒன்று, விண்ட்வேன். படகின் பின்புறம் பொருத்தும் இயந்திரம், காற்றின் விசையாலேயே திசையைப் பிடித்துக்கொள்ளும், ஒரு துளி மின்சாரம் வேண்டாம். ஹைட்ரோவேன் போன்ற வகையில் அதற்கென்றே தனிச் சுக்கானும் உண்டு. படகின் சுக்கான் உடைந்தால் அதை வைத்துக் கரை சேரலாம். 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓர்க்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) படகுகளின் சுக்கானை முட்டி உடைக்கின்றன. இங்கிலாந்திலிருந்து கேனரி போகும் வழியே அதுதான் என்பதால் இது வெறும் பேச்சில்லை. குறை என்னவென்றால் பின்காற்றில் படகு ஓடும்போது மேலே உணரும் காற்று குறைந்துவிடும். 12 நாட் காற்றில் 5 நாட் வேகத்தில் போனால் விண்ட்வேனுக்குக் கிடைப்பது 7 நாட். அதில் அது தூங்கி வழியும். 18 நாட் காற்றில் கில்லாடி.

இரண்டாவது யோசனை, ஆட்டோபைலட்டின் சுக்கானைத் தள்ளும் கருவி முழுசாக இன்னொன்று வாங்கி, முதலாவதின் பக்கத்திலேயே பொருத்திவைப்பது. ஒன்று நின்றால் சுவிட்சைத் தட்டினால் போதும். விண்ட்வேன் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. பேட்டரி தீர்ந்தால் இரண்டு கருவியும் சேர்ந்தே நிற்கும் என்பது இதன் ஓட்டை.

இரண்டு பேர் போனால் யோசிக்காமல் விண்ட்வேன். நான்கு பேர் என்பதால் நாங்கள் இரண்டாவது கருவியை வாங்குகிறோம். மிச்சமாகும் காசு பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்குப் போகிறது. எங்கள் கம்பிகளுக்கு 14 வயது. முதல் பயணத்துக்கு முன் ஊரில் ஒருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக் காசு வாங்கிப் போனார். லாஸ் பால்மாஸில் இன்னொருவர் மேலே ஏறி, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு முனையில் முடி அளவு விரிசல் காட்டினார். அந்த ஒரு கம்பியை மட்டும் மாற்றிவிட்டுப் போனோம். இந்த முறை எல்லாவற்றையும் மாற்றுவது. பத்துப் பதினைந்து வயதுக் கம்பிகளைக் காப்பீட்டு நிறுவனங்களே கேள்வி கேட்கின்றன.

எந்தப் பாய்?

பின்காற்றுக்கு மூன்று வழி. பெரிய பாயை ஒரு பக்கமும் முன்பாயைக் கழி கொடுத்து மறுபக்கமும் விரிப்பது ஒன்று. பெரிய பாயை இறக்கிவிட்டு இரண்டு முன்பாய்களை இருபக்கமும் கழி கொடுத்து விரிப்பது இன்னொன்று. மூன்றாவது ஸ்பின்னக்கர், வண்ண வண்ணமாகப் படத்தில் பார்ப்பீர்களே அது.

ஸ்பின்னக்கர் அரை நாட் கூட வேகம் தரும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 12 மைல், இருபது நாளில் 240 மைல், ஒன்றரை நாளைக்குச் சற்று மேல் மிச்சம். அதற்கு விலை இரவு. வியாபாரக் காற்றில் ராத்திரிதான் கருமேகம் கூட்டமாக வரும். 15 நாட் காற்று ஐந்து நிமிடத்தில் 30ஐத் தாண்டும். அப்போது ஸ்பின்னக்கரை இறக்க எல்லாரும் எழ வேண்டும். இரட்டை முன்பாய் என்றால் விழித்திருப்பவர் ஒருவரே, இருந்த இடத்தில் இருந்தபடி, ஒரே கயிற்றை இழுத்து இரண்டையும் சுருட்டிவிடலாம். பெரிய பாய் திடீரென்று மறுபக்கம் அடித்து அதன் பூம் (பாயின் அடியில் இருக்கும் கட்டை) யார் தலையிலாவது படும் அபாயமும் இல்லை. ஆனால் படகு தொட்டில் மாதிரி ஆடும். தொட்டில் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பக்கமும் தலையணையை அடைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும். அப்படியும் ஆட்டத்தில் தூங்குவது எழுப்பப்படுவதைவிட மேல். பகலில் காற்று மெலிந்தால் ஸ்பின்னக்கர், சாயங்காலம் ஆறு மணிக்கு அது பைக்குள், ராத்திரி இரட்டைப் பாய். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

எந்தப் பாயானாலும் எதிரி உராய்வு. ஒன்பதாம் நாள் காலை கழி முனையில் கயிற்றைத் தற்செயலாகப் பார்த்தேன். மேலுறை தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளை நூல் பழைய கோரைப்பாயின் ஓரம் மாதிரி பிரிந்து நின்றது. தொட்டதும் இரண்டு இழை கையோடு வந்தது. ஒரே இடத்தில் ஒன்பது நாள், வினாடிக்கு ஒரு அசைவு. அன்றிலிருந்து தினமும் காலையில் எல்லாக் கயிறுகளையும் ஒரு சாண் தள்ளி வைப்பது வழக்கமாயிற்று. இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

தண்ணீர், மின்சாரம், இன்டர்நெட், சோறு

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு இருபது நாளைக்கு 240 லிட்டர். எங்கள் தொட்டியே 400. கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் சில ஆயிரம் யூரோ. வாங்கினாலும் அது கெட்டால் என்ன செய்வது என்று பாட்டிலில் தண்ணீர் ஏற்றத்தான் போகிறோம். கரீபியனில் மாதக்கணக்கில் தங்கப்போகிறவர்கள் வாங்கட்டும். கடப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம். கடல்நீரில் குளித்து, கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும்.

மின்சாரத்துக்கு சோலார், அது போதாவிட்டால் படகின் பின்னால் தண்ணீரில் சுழலும் ஹைட்ரோ ஜெனரேட்டர். பிந்தையது இரவிலும் ஓடும் என்பதால் எனக்கு ஆசை இருந்தது. பாதிக் கடலுக்குப் பிறகு சர்காசம் பாசி கம்பளம் கம்பளமாக மிதந்து வந்து அதில் சுற்றிக்கொள்ளும், அரை மணிக்கு ஒருமுறை எடுத்துவிட ஆள் வேண்டும். ஆசை போய்விட்டது.

ஸ்டார்லிங்கா, பழைய இரிடியம் சாட்டிலைட் போனா? ஸ்டார்லிங்கில் வானிலைப் படம் சட்டென்று வருகிறது, மறுக்க முடியாது. மின்சாரமும் இழுக்கும், அதைவிட ஆட்களின் தூக்கத்தையும் இழுக்கும். ஓய்வு நேரத்தில் படுக்கையில் போன் வெளிச்சம் தெரிந்தால் அது ஓய்வு இல்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் போடுவது என்று விதி வைத்திருக்கிறோம். இரிடியம் போன் எப்படியும் அவசரப் பையில் இருக்கும், ஏனென்றால் மிதவையில் ஏறும்போது டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு ஏற முடியாது.

சமையலுக்கு நம் ஊர் பிரஷர் குக்கர். வேகமாக வேகும் என்பது இரண்டாம் பட்சம். மூடி பூட்டிக்கொள்வதால் அடுப்பிலிருந்து உருண்டாலும் சோறு தரையில் கொட்டாது. முதல் மூன்று நாளுக்கான சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து வைத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியைப் படகுக்குள் ஏற்றவே கூடாது, மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். வாழைத்தாரை முழுசாக வாங்கிக் கட்டித் தொங்கவிட்டால் படம் அழகாக வரும். ஆறாம் நாள் எல்லாக் காயும் ஒன்றாகப் பழுக்கும், அன்றைக்கு மூன்று வேளையும் வாழைப்பழம்தான்.

இப்போது மூன்று பேர் உறுதி. அண்ணை, நான், அண்ணையின் மகள். மகள் டாக்டர், இரவுப் பணிக்குப் பழகியவர், தூக்கம் வந்தால் தயங்காமல் எழுப்புவார். நாலாவது இடத்துக்கு, யார் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே ஐந்தாவது நண்பர்தான். நடந்ததை அவர் மறக்கவில்லை, அதைச் சொல்லித்தான் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணை, "பொறும் தம்பி, ஒருக்கா ஓட்டிப் பாப்பம்" என்றார்.

வருகிற மாதம் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் செர்பூர் போகிறோம், ஓர் இரவு முழுக்க ஓடும் தூரம். 2 மணி முதல் 5 மணி வரை அவருக்கு வாட்ச் போட்டிருக்கிறோம். அந்த நேரம் நான் கீழே படுத்திருப்பேன். எனக்குத் தூக்கம் வந்ததா இல்லையா என்பதை வைத்து நாலாவது இடம் முடிவாகும்.